கல் தூசி + சரவாங்கி: நெஞ்சுப் படத்துல உருண்டை தெரிஞ்சா என்ன பார்க்கணும்? (கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம்)

#1 பாறைமேடு

பர்கூர், ஜெகதேவி பக்கம் கல் பட்டறைக்குப் போறவங்க எக்ஸ்ரே ரிப்போர்ட்ல திரும்பத் திரும்ப ஒரே வரி: "இரண்டு நுரையீரலிலும் உருண்டை நிழல்கள், காசநோய்க்குப் பரிசோதிக்கவும்." சளியில கிருமி இல்லன்னு வருது, ஆனாலும் ஆறு மாச டிபி கோர்ஸ் ஓடுது. இதுல சிலருக்குக் கைவிரல் மூட்டும் வீங்கி இருக்கு. அதை யாரும் நெஞ்சோட சேர்த்துப் பார்க்கிறதில்ல.

கேப்ளான் நோய்னு ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன, டிபியில இருந்து எப்படிப் பிரிக்கிறது, மூட்டு மாத்திரைல என்ன கவனிக்கணும், பட்டறைல என்ன மாத்தணும்? தெரிஞ்சவங்க எழுதுங்க. "எங்க மாமாவுக்கு இப்படித்தான்" கதை வேண்டாம். அளவு, பேர், நாள் கணக்கோட வேணும்.

#2 நெஞ்சகம்

முதல்ல பேரைத் தீர்த்துக்கலாம். ரூமடாய்டு ஆர்த்ரைடிஸ்தான் சரவாங்கி. "முடக்குவாதம்"னு எழுதினா பாதிப் பேர் பக்கவாதம்னு எடுத்துக்கிறாங்க, அதனால இந்த இழையில சரவாங்கியே இருக்கட்டும்.

1953-ல அந்தோனி கேப்ளான்ங்கிற மருத்துவர், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளோட படங்கள்ல இதைக் கவனிச்சார். சரவாங்கி இருந்தவங்களோட நுரையீரல் ஓரத்துல அரை செ.மீ.ல இருந்து 5 செ.மீ. வரைக்கும் தனித்தனி உருண்டைகள். பின்னாடி சிலிக்கா (கல்லு, மணல்ல இருக்கிற தாது), ஆஸ்பெஸ்டாஸ், வார்ப்படத் தூசி பட்டவங்ககிட்டயும் இதையே பார்த்தாங்க. உருண்டையை வெட்டிப் பார்த்தா நடுவுல செத்த திசு, சுத்தி வேலி கட்டின மாதிரி செல்கள், அதுக்குள்ள தூசி வளையம் வளையமா, மரத்தை அறுத்தா தெரியுமே அந்த மாதிரி. முழங்கைத் தோலுக்கு அடியில வர்ற சரவாங்கிக் கட்டியும் இதே அமைப்புதான், தூசி வளையம் மட்டும் இருக்காது.

ஏன் வருது? நுண்ணிய சிலிக்காத் துகளை நுரையீரல் செல் விழுங்கும், கரைக்க முடியாம செத்துப்போகும், உள்ள இருந்ததைக் கொட்டும். அடுத்த செல் வந்து அதே துகளை விழுங்கும். இந்த ஓயாத அழற்சி, உடம்போட எதிர்ப்புச் சக்தியை உடம்பு மேலயே திருப்புது. அதனால சிலிக்காத் தூசியே சரவாங்கி வர்ற வாய்ப்பைக் கூட்டும். பீடியும் சேர்ந்தா இன்னும் மோசம். குறிப்பா ஆன்டி-சிசிபி (சரவாங்கிக்கான ஒரு ரத்தப் பரிசோதனை) பாசிடிவ் வகைல தூசியும் புகையும் ஒண்ணை ஒண்ணு ஏத்திவிடுதுன்னு சுவீடன் ஆய்வுகள் காட்டியிருக்கு.

கேப்ளான் அபூர்வம். இதையும் சேர்த்து எழுதிடறேன், இல்லன்னா நாளைக்கு எல்லா டிபியும் கேப்ளான் ஆயிடும். சிலிகோசிஸ் (சிலிக்காத் தூசியால நுரையீரல் தழும்பேறுற நோய்) இருக்கிறவங்களுக்கு டிபி வர்ற வாய்ப்பு சாதாரண ஆளை விடப் பல மடங்கு. "கல்லு வேலைதான், டிபி இல்ல"ன்னு விட்டுடறதும் கொலைதான்.

#3 படம்பார்ப்பவர்

படத்துல பிரிக்கிற விதம், முடிஞ்ச வரைக்கும்:

சாதாரண சிலிகோசிஸ்ல பொடிப்பொடியா, பெரும்பாலும் மேல் பாகத்துல. ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) முறைல 1.5 மி.மீ. வரை p, 3 வரை q, 10 வரை r-னு சின்ன எழுத்துல குறிப்பாங்க. 10 மி.மீ. தாண்டினா பெரிய நிழல், அது A, B, C. அந்தப் பெரிய நிழல் வருஷக்கணக்கா மெதுவா, பொடிகள் ஒண்ணோடொண்ணு ஒட்டி உருவாகும். பின்னணியில பொடி நிறைய இருக்கும்.

கேப்ளான் உருண்டை அப்படி இல்ல. பின்னணிப் பொடி ரொம்பக் கம்மியா இருக்கிற நெஞ்சுலயே திடீர்னு நாலஞ்சு உருண்டை, சில மாசத்துக்குள்ள, ஒரு ஈடா முளைக்கும். சிலது நடுவுல குழி விழும், சிலது சுண்ணாம்பு ஏறும், சிலது தானாச் சுருங்கும். மூட்டு வலிக்கு முன்னாடியே கூட உருண்டை வரலாம், அதனால "மூட்டு வலி இல்லையே"ன்னு ஒதுக்க முடியாது.

குழி விழுந்துட்டா டிபியையும் இதையும் படம் மட்டும் வெச்சுப் பிரிக்கவே முடியாது. பெட் ஸ்கேனும் கைவிட்டுடும், ஏன்னா அழற்சி, டிபி, புற்று மூணுமே ஒளிரும். சிலிக்கா 1997-லயே முதல் பிரிவுப் புற்றுக்காரணின்னு அறிவிக்கப்பட்டது. அதனால புற்று சந்தேகமும் இங்க வெறும் பேச்சு இல்ல.

இந்த எல்லாக் குழப்பத்துலயும் உண்மையா உதவுறது ஒண்ணுதான், பழைய படம். அதைக் கூரை ஓட்டுல சொருகி வெச்சிருப்பாங்க, இல்ல மழைல நனைஞ்சு ஒட்டிப்போயிருக்கும். ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, பேரும் தேதியும் தெரியற மாதிரி போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சாலே பாதிக் கேள்வி தீரும். ரெண்டு வருஷமா அளவு மாறலன்னா பெரும்பாலும் கெட்டது இல்ல.

#4 கருங்கல்67

இதெல்லாம் கலர் கல்லுக்காரங்களுக்குச் சொல்லுங்க. தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் நாங்க எடுக்கிறது கருப்புக் கல்லு. அதுல சிலிக்காவே இல்லன்னு சொல்றாங்க. துண்டை நனைச்சுக் கட்டிக்கிட்டா போதும், 30 வருஷமா அப்படித்தான் ஓடுது.

#5 ஈரத்துளை

@கருங்கல்67 அண்ணா, பாதி சரி. டோலரைட் வகைக் கருப்புக் கல்லுல ஃபெல்ட்ஸ்பாரும் பைராக்சினும்தான் பெரும்பகுதி, தனி குவார்ட்ஸ் (சிலிக்காவோட படிக வடிவம்) ரொம்பக் கம்மி. கிருஷ்ணகிரிப் பாரடைசோ, மத்த கிரானைட், நைஸ்ங்கிற கோடு கோடான பாறைக் கல்லுகள்ல குவார்ட்ஸ் கால் பாகம், சிலதுல அதுக்கும் மேல. ஆனா ஒரே பட்டறைல காலைல கருப்பு, மதியம் பாரடைசோ அறுக்கிறதுதான் நடக்குது. கல்லறைக் கல்லுல எழுத்து வெட்ட ஆத்து மணலைப் பீய்ச்சினா, கல்லு கருப்பா இருந்து என்ன பயன்? சமையல் மேடைக்கு வர்ற செயற்கைக் குவார்ட்ஸ் பலகை இன்னும் மோசம், அதுல 90 சதவீதத்துக்கு மேல சிலிக்கா இருக்கும். ஆஸ்திரேலியா அதை 2024 ஜூலை 1-ல இருந்து தடையே பண்ணிடுச்சு.

அளவு கேட்டாங்க. தொழிற்சாலைச் சட்டத்துல இருந்த வரம்பு ஒரு வாய்ப்பாடு: 10-ஐ, தூசியில இருக்கிற குவார்ட்ஸ் சதவீதத்தோட 2 கூட்டி வர்றதால வகுக்கணும். 30 சதவீதக் கல்லுன்னா 10 ÷ 32, ஒரு கன மீட்டர் காத்துல சுவாசத் தூசி 0.31 மில்லிகிராம். அதுல சிலிக்கா மட்டும் சுமார் 0.09. அமெரிக்காவுல 2016-ல வெச்ச வரம்பு 0.05. நம்மது கிட்டத்தட்ட ரெட்டிப்புத் தளர்வு, அதையும் உலர் கிரைண்டர் ஓடுற பட்டறை எங்கயோ தாண்டிடும்.

நனைஞ்ச துண்டு கண்ணுக்குத் தெரியற பொடியைத்தான் பிடிக்கும். ஆழத்துக்குப் போறது 4, 5 மைக்ரானுக்குக் கீழ, அது வெயில் கீத்துல மட்டும்தான் மினுக்கும். துண்டோட ஓரமெல்லாம் திறந்த வாசல். தூசியே தெரியாத பட்டறையும் பத்திரம்னு அர்த்தம் இல்ல.

#6 மூட்டுக்காரி

மூட்டுப் பக்கத்துல இருந்து. காலைல எழுந்ததும் விரல் மடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது, ரெண்டு கையும் ஒரே மாதிரி வீங்குது, மணிக்கட்டும் விரல் அடிமூட்டும், இப்படி ஆறு வாரம் தாண்டினா சரவாங்கிக்குப் பார்க்கணும். ரெண்டு இடத்துல ஏமாறுவோம். சிக்குன்குன்யாவுக்குப் பின்னாடி வர்ற மூட்டு வலி அப்படியே இதே வேஷம் போடும். ஜாக்கேமர் (பாறையில துளை போடற மெஷின்) பிடிக்கிறவங்க விரல் மரத்து, குளிர்ல வெளுத்துப் போறது அதிர்வால வர்ற நோய், அதுல காலை இறுக்கமும் மூட்டு வீக்கமும் இருக்காது.

ஆர்.ஏ. ஃபேக்டர்ங்கிற ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பாதீங்க. சிலிகோசிஸ்லயும் டிபிலயும் அது பாசிடிவ் வரும், மூட்டுல ஒண்ணுமே இல்லாட்டியும். ஆன்டி-சிசிபி மேல், ஆனா டிபில அதுவும் சிலருக்கு ஏறும். ரத்தம் ஒரு சாட்சி, தீர்ப்பு விரலைத் தொட்டுப் பார்த்துத்தான்.

இன்னொண்ணு, சரவாங்கிக்காரங்களுக்கு மேமூச்சு தாமதமாத்தான் தெரியும். முழங்கால் வலிக்குதுன்னு நடையே குறைஞ்சிருக்கும், மூச்சு வாங்கற அளவுக்கு அவங்க எங்க நடக்கிறாங்க? அதனால "மூச்சு வாங்குதா?"ன்னு கேட்டா "இல்ல"ங்கிற பதிலுக்கு மதிப்புக் கம்மி. மாடிப்படி, தண்ணிக் குடம், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எது முடிஞ்சுது இப்ப முடியலன்னு கேக்கணும். ஆக்சிஜன் கிளிப்பும் வளைஞ்ச, சில்லுன்னு இருக்கிற விரல்ல தப்பா காட்டும், காது மடலுக்கானது இருந்தா அதுல பாருங்க. தாடை மூட்டுல வலி இருக்கிறவங்களுக்கு ஊதற டெஸ்ட்டுல வாய்க்குழாயைச் சுத்திக் காத்து கசியும், அளவு பொய்யாக் குறையும்.

#7 பாறைமேடு

சரவாங்கிக்குக் குடுக்கிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை நுரையீரலைக் கெடுக்கும்னு நிறுத்திட்டு, நாட்டு மருந்துக்குப் போயிடறாங்களே, அது சரியா?

#8 மூட்டுக்காரி

சரி இல்ல. மெத்தோட்ரெக்சேட்டால நுரையீரல் அழற்சி வரலாம், உண்மை. ஆனா அபூர்வம், வந்தா பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள்ள: வறட்டு இருமல், காய்ச்சல், சில வாரத்துல ஏறுற மூச்சுத்திணறல். அப்ப மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே படம் எடுக்கணும், அடுத்த வார டோஸைப் போட்டுட்டு வரக்கூடாது. நுரையீரல்ல ஏற்கெனவே தழும்பு அதிகமா இருந்தா மெத்தோட்ரெக்சேட்டோ லெஃப்லுனமைடோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நெஞ்சு மருத்துவரோட பேசணும். கேப்ளான் உருண்டை மட்டும் இருக்கு, மூச்சளவு நல்லா இருக்குன்னா தன்னால தடை ஆயிடாது. ஆனா மெத்தோட்ரெக்சேட்டே சிலருக்குத் தோல் கட்டிகளைக் கூட்டிவிடும், அதையும் கவனத்துல வெச்சுக்கணும்.

உண்மையான விபத்து வேற இடத்துல. இந்த மருந்து வாரத்துக்கு ஒரு நாள். 2.5 மி.கி. மாத்திரைல 15 மி.கி.ன்னா ஒரே நாள்ல ஆறு, மீதி ஆறு நாள் கிடையாது. தினமும் ஒண்ணுன்னு போட்டா வாய்ப்புண், அப்புறம் ரத்த அணுக்கள் விழும், உயிரே போகும். அட்டைலயே "வியாழன் மட்டும்"னு பேனாவால பெரிசா எழுதுங்க. ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. வேற நாள்ல. இருமல், நீர்க்கடுப்புன்னு போனா கோட்ரைமாக்சசோல்ங்கிற ஆன்டிபயாடிக் எழுதிடுவாங்க, அது மெத்தோட்ரெக்சேட்டோட சேரக்கூடாது, மருந்துக் கடைலயும் சொல்லணும். ஆரம்பத்துல ரத்த எண்ணிக்கை, ஈரல், கிரியாட்டினின், மஞ்சள்காமாலை பி, சி பரிசோதனை, நெஞ்சுப் படம். முதல் மூணு மாசம் 2-ல இருந்து 4 வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம், அப்புறம் 8-ல இருந்து 12 வாரத்துக்கு ஒரு தடவை.

பேர் ஒட்டாத பொட்டலத்துல சரவாங்கி ரெண்டே நாள்ல பறந்துட்டா, உள்ள ஸ்டீராய்டுன்னு சந்தேகப்படுங்க. முகம் உப்பும், பசி ஏறும், சர்க்கரை ஏறும், நிறுத்தினா வலி ரெட்டிப்பாத் திரும்பும். மாசக்கணக்கா சாப்பிட்டவங்க திடீர்னு நிறுத்தவும் கூடாது, மருத்துவர்கிட்ட பொட்டலத்தையே எடுத்துட்டுப் போங்க.

#9 நெஞ்சகம்

ஸ்டீராய்டு இடத்துலதான் என் பயமும். பிரெட்னிசோலோன் தினம் 15 மி.கி.க்கு மேல ஒரு மாசம் ஓடினாலே அடங்கியிருக்கிற டிபி எழும்பும். சரவாங்கிக்குப் போடற இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் மாதிரி டிஎன்எஃப் தடுப்பு ஊசிகள்ல (எதிர்ப்புச் சக்தியை அடக்கறது) இன்னும் அதிகம். தூசி பட்ட நெஞ்சு, அதோட அந்த ஊசின்னா, ஊசிக்கு முன்னாடி அடங்கின டிபிக்கான சோதனை கட்டாயம். ஸ்டீராய்டுல இருக்கிறவங்களுக்கு மேன்டூ (தோல்ல ஊசி போட்டுப் பார்க்கிற டிபி சோதனை) பொய்யா நெகட்டிவ் வரும், எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களுக்கு 5 மி.மீ. தடிப்பையே பாசிடிவ்னு எடுக்கணும். தேசிய டிபி திட்டத்தோட 2021 வழிகாட்டியில சிலிகோசிஸ்காரங்களும், டிஎன்எஃப் ஊசி போடறவங்களும் தடுப்பு மருந்துக்கான பட்டியல்ல இருக்காங்க. ஐசோநயாசிட் ஆறு மாசம், இல்ல ஐசோநயாசிட் + ரிஃபாபென்டின் வாரம் ஒண்ணா 12 வாரம். நோய் இப்ப இல்லன்னு உறுதி பண்ணிட்டுத்தான். ஐசோநயாசிட்டும் மெத்தோட்ரெக்சேட்டும் ரெண்டுமே ஈரல்ல இறங்கும், அதனால ஈரல் பரிசோதனை அடிக்கடி.

#1-க்கு நேரான பதில்: சளியில ஒரு தடவை நெகட்டிவ்னா போதாது. விடியற்காலைச் சளி உட்பட ரெண்டு மாதிரி, சிபிநாட் அல்லது ட்ரூநாட் (டிபி கிருமியோட மரபணுவைத் தேடற சோதனைகள்), கூடவே கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கிறது). திரவக் கல்ச்சருக்கு ஆறு வாரம் வரைக்கும் ஆகும், அவசரப்படக்கூடாது. எச்சில் துப்பிட்டு வந்ததையும் "சளி நெகட்டிவ்"னுதான் எழுதுவாங்க. கெட்டியான உருண்டை மூச்சுக்குழாயோட தொடர்பே இல்லாம இருந்தா, டிபியே இருந்தாலும் சளியில வராது. அப்ப சி.டி., தேவைன்னா ஊசிச் சதைப் பரிசோதனை. ஓரத்துல இருக்கிற உருண்டையைக் குத்தினா நுரையீரலைச் சுத்திக் காத்து கசியலாம், அதனால குத்தின பிறகு படம் எடுக்காம வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

#10 கருங்கல்67

சரி, துண்டை விட்டுடறேன். தண்ணி ஊத்தி அறுக்கச் சொல்வீங்க. கோடைல குடிக்கவே தண்ணி இல்ல. கரன்ட் கிரைண்டர்ல தண்ணி ஊத்தினா ஆளு போயிடுவான். அதுக்கு என்ன?

#11 ஈரத்துளை

நியாயமான கேள்வி. கையில பிடிக்கிற வெட்டு மெஷினுக்கு நிமிஷத்துக்குக் குறைஞ்சது அரை லிட்டர், பிளேடு கல்லைத் தொடற இடத்துலயே விழணும். 10 லிட்டர் பம்ப் டப்பா 20 நிமிஷம் வரும். மக் வெச்சு ஒரு கை ஊத்தறது கணக்குல இல்ல, ஊத்தி முடிச்ச நிமிஷமே தூசி திரும்ப எழும்பும். 4 அங்குலக் கரன்ட் கிரைண்டர்ல தண்ணி வேண்டவே வேண்டாம். கம்ப்ரசர் காத்துல ஓடுற ஈர கிரைண்டர் வாங்குங்க. ஈர வேலை நடக்கிற லைன் எல்லாத்துக்கும் 30 மில்லி ஆம்பியர்ல விழற ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்), எர்த் ஒயரோட.

துளைக்கு வெறும் காத்தடி ஜாக்கேமர் இருந்தா குழி வாயில தூசி ஊத்து மாதிரி கிளம்பும். உள்ளத் துளை இருக்கிற ராடு வழியா தண்ணி விடுங்க, முடியாட்டி குழி வாயில மூடி வெச்சு உறிஞ்சி எடுங்க. ஆள் காத்து வர்ற பக்கம் நிக்கணும், சும்மாவே வர்ற ஒரே பாதுகாப்பு அதுதான்.

தண்ணியை மூணு தொட்டில வரிசையா விட்டுத் தெளிஞ்சதைத் திரும்ப ஓட்டலாம். ஆனா சேறு காய்ஞ்சா அதுவே தூசி. சாயங்காலம் காய்ஞ்ச சேத்தை விளக்குமாறால கூட்டறதும், கம்ப்ரசர் குழாயால சட்டையை ஊதிக்கிறதும் நாள் பூரா செஞ்ச நல்லதைப் பத்து நிமிஷத்துல அழிச்சிடும். ஈரமாவே வழிச்சு எடுங்க, சட்டையை அங்கயே கழட்டி வைங்க, வீட்டுத் துணியோட ஊறப்போடாதீங்க.

#12 மூட்டுக்காரி

முகமூடி பத்தி ஒண்ணு. ஐஎஸ் 9473 முத்திரை இருக்கிற எஃப்எஃப்பி2 சரியா ஒட்டியிருந்தா, உள்ள போற தூசியைப் பத்துல ஒண்ணாக்கும், அவ்வளவுதான். வரம்புக்கு 20 மடங்கு தூசியில அதைப் போட்டாலும் ரெட்டிப்பு உள்ள போகும். தாடி இருந்தா அந்தப் பத்தும் இல்ல. சரவாங்கிக் கையால மூக்குக் கம்பியை அமுக்க முடியாது, ரெண்டாவது பட்டையைப் பின்மண்டைக்கு இழுக்க முடியாது, காதுல மாட்டுற வகையைத் தேடுவாங்க, அது ஒட்டாது. கூட வேலை செய்யற ஆள் மாட்டிவிடணும், இல்ல தூசி இல்லாத வேலைக்கு மாத்தணும். நோய் உறுதியானவங்களுக்கு ரெண்டாவதுதான் என் ஓட்டு. இன்ஹேலரும் அப்படியே, அமுக்க முடியாத விரலுக்கு ஸ்பேசர் வெச்சு வேற ஆள் அமுக்கட்டும்.

#13 சட்டப்புத்தகம்

சரவாங்கி தொழில் நோய்ப் பட்டியல்ல இல்ல. சிலிகோசிஸ் இருக்கு: தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் மூன்றாம் அட்டவணையில இருந்துச்சு, 2025 நவம்பர்ல அதோட இடத்துக்கு வந்த 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் அறிவிக்க வேண்டிய நோய். 1923 இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிகோசிஸோடு, அதனால் வந்த சிலிகோ-டிபியும் இருந்துச்சு, அதோட இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையிலும் இருக்கு. அதனால் சீட்டில் வெறும் "டிபி"ன்னு முடிச்சா இழப்பீட்டுக் கதவு அங்கயே மூடிடும். குவாரி, சட்டப்படி சுரங்கம். மைன்ஸ் ரூல்ஸ், 1955-இன்படி வேலைக்குச் சேரும்போதும், பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறையும் நெஞ்சுப் படத்தோட மருத்துவப் பரிசோதனை, ஃபார்ம் ஓ-ல சான்று தரணும்னு இருந்துச்சு. அதோட நகலைக் கேட்டு வாங்குங்க.

ஒப்பந்தக் கூலிக்கு ஆதாரமே கிடைக்காதும்பாங்க. பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. அட்டை, பேங்க் பாஸ்புக்குல சம்பளம் விழுந்த பக்கம், லோடு சீட்டு, கூட வேலை செஞ்ச ரெண்டு பேர் எழுத்து, எல்லாம் ஆதாரம்தான். பெண்களுக்குத்தான் பெரிய நஷ்டம். கிரஷர்ல பத்து வருஷம் ஜல்லி அள்ளினவங்க ஓ.பி. சீட்டுல "கூலி", இல்ல "இல்லத்தரசி". சரவாங்கி ஆண்களை விடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருது, அதனால இந்த ரெண்டு வார்த்தைல ரெண்டு நோயும் காணாமப்போகுது.

#14 புளிமண்டி

புளி கொட்டை எடுக்கிற குடோன், ராகி அடிக்கிற களம், தென்னை நார் மில், இங்கெல்லாம் தூசி பயங்கரம். இதுவும் கேப்ளான்ல வருமா?

#15 நெஞ்சகம்

வராது. அது தாவரத் தூசி. இளைப்பு, ஒவ்வாமை அழற்சி வரலாம், பூஞ்சை பிடிச்ச நார், களத்துத் தூசியால நுரையீரல் தழும்பும் ஆகலாம். ஆனா சிலிக்கா வளையம் போட்ட உருண்டை வராது. ஒரு விதிவிலக்கு இருக்கு: இப்ப புளி மண்டியில இருக்கிறவர் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி குவாரியில துளை போட்டவரா இருக்கலாம். சாதாரண சிலிகோசிஸ் தெரிய 10 வருஷத்துக்கு மேல ஆகும், தூசியை விட்ட பிறகும் வளரும். அம்மி, ஆட்டுக்கல் கொத்தினவங்களும் அதே கணக்கு.

#16 பாறைமேடு

அப்போ ஓ.பி. சீட்டுல என்ன எழுதச் சொல்லணும்? ஒரே வரியில.

#17 சட்டப்புத்தகம்

"கல் குவாரியில் துளை வேலை, 1998 முதல் 2011 வரை, உலர் முறை, தண்ணீர் இல்லை, கைவிரல் மூட்டு வீக்கம் 8 மாதம்." வேலையோட பேர், வருஷம், ஈரமா உலரா, மூட்டு எத்தனை மாசம், இந்த நாலும் இருந்தா போதும். மருத்துவருக்கு நேரம் இல்லன்னா துண்டுத் தாள்ல எழுதிச் சீட்டோட பின் பண்ணிக் குடுங்க, அதையும் போட்டோ எடுத்துக்கிட்டு.